இரண்டு விரல் மடிப்பு

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் உன் தங்கையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றைத் தவிர. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, பத்து நாளாக நீ ஃபோனை எடுக்கவில்லை. கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், எழுதுவது சின்னவள், சொல்வது நான். தையல் மெஷின் ஊசி நகத்தின் மேலே இறங்கி அடிப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டது. பயப்படாதே, எதிர்வீட்டு நர்சம்மா ஊசியை எடுத்து மருந்து வைத்துக் கட்டிவிட்டார், இருபது வருஷத் தையலில் இது மூன்றாவது முறை, மெஷினுக்கும் எனக்கும் இதெல்லாம் சகஜம். சின்னவள்தான் பெரிய தொந்தரவு. நான் சொல்லச் சொல்ல எழுதுடி என்றால், 'அம்மா, இந்த வாக்கியமே இன்னும் முடியல, அதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிட்டே' என்று பேனாவை நிறுத்திவிடுகிறாள். உன் பழைய அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எட்டாம் வகுப்புக்கே இப்படி. ஆகவே இந்தக் கடிதம் என் பேச்சைவிட ஒழுங்காக இருந்தால் அது அவள் வேலை, உள்ளே இருக்கும் பிடிவாதம் மட்டும் என்னுடையது.

உன் அப்பாவுக்கு எதை எப்போது சொல்வது என்று என்றைக்குமே தெரியாது. நான் உனக்கு முறையாக எடுத்துச் சொல்லலாம் என்று இருந்தேன், அவர் ஃபோனை என் கையிலிருந்து வாங்கி முதல் வார்த்தையாக, 'உன் ரூம்ல ரெண்டு பேர் இருக்காங்கம்மா, சின்னது தூக்கத்துல உதைக்குதாம்' என்று சொல்லிவிட்டார். நீ, 'என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, நான் என்ன செத்தா போயிட்டேன்' என்று கேட்டு வைத்துவிட்டாய். கேட்காதது தப்பு. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அறையை இந்த வருஷம் திருப்பித் தரப் போவதில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஃபோன் என்றால் நீ பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

நீ படித்த பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்று போன மாதம் சொன்னேன் இல்லையா. மூடுவது என்று அவர்கள் சொல்லவில்லை, இணைப்பு என்றுதான் சுற்றறிக்கையில் இருக்கிறது. அறுபது பிள்ளைகளுக்குக் குறைவாக இருக்கும் பள்ளிகளை எல்லாம் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். நம்முடையதை ஐந்து கிலோமீட்டர் தள்ளி, லாரி ஓடும் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்ப்பதாக முடிவு. அப்போது நீ ஃபோனில் என்னோடு அரை மணி நேரம் வாதாடினாய். எட்டு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கிற இடத்தில் என்ன படிப்பு வரும், அங்கே பாடத்துக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறார், ஆய்வுக்கூடம் இருக்கிறது, விளையாட மைதானம் இருக்கிறது, கட்டிடத்தின் மேல் பாசம் வைத்துப் பிள்ளைகளைக் கெடுக்காதே என்றாய். சாலைக்கு வரைபடம் போடுகிறவள் நீ, ஒன்றைச் சொன்னால் அளந்துதான் சொல்வாய். நான் அன்றைக்குக் கோபப்பட்டாலும் பிறகு நான்கு நாள் தைத்துக்கொண்டே அதைத்தான் யோசித்தேன். நீ சொன்னதில் பாதிக்கு மேல் சரி. சின்னவளும் செய்தித்தாளில் இது பற்றி வருவதை எல்லாம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள், ஒரு நாள் இணைப்பு நல்லது என்று ஒருவர் எழுதுகிறார், மறுநாள் இன்னொருவர் அதை மறுத்து எழுதுகிறார், இரண்டையும் எனக்குப் படித்துக் காட்டுவாள், எனக்கு இரண்டுமே நியாயமாகத்தான் படும். ஆனால் அந்தக் கட்டுரைகள் ஒன்றிலும் நம் பள்ளியின் பதினொரு பிள்ளைகள் இல்லை. அவர்கள் எங்குமே இல்லை என்பதுதான் விஷயம்.

செங்கல் சூளைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைச் சொல்கிறேன். மழை நின்று மண் காய்ந்ததும் அப்பா அம்மா கிளம்பும்போது பிள்ளைகளும் கூடவே போய்விடும், மறுபடி மழை தொடங்கும்போது திரும்பி வரும். நீ படிக்கும்போதும் இருந்தார்கள், உன் பெஞ்சிலேயே ஒருத்தி இருந்தாள், நடுவில் காணாமல் போய்த் திரும்பி வருவாள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்களுக்குச் சீருடை தைக்கும்போது மட்டும் நான் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு மடிப்பு அதிகம் விட்டுத் தைப்பேன். திரும்பி வரும்போது வளர்ந்திருப்பார்கள், பிரித்துவிட்டால் அந்த வருஷமும் ஓடிவிடும். அளவு நோட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு வைப்பேன், எனக்கு ஞாபகத்துக்கு. அந்த இரண்டு கோடு இவ்வளவு தூரம் இழுத்துவரும் என்று நான் நினைக்கவில்லை.

தலைமை ஆசிரியர் பெரிய சாரைத் தெரியும் உனக்கு. முப்பது நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை நீக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அவர் முப்பத்தோராம் நாள் காலையில் சிவப்பு மையில் அடித்துவிடுவார். திரும்பி வந்தால் புது எண் கொடுத்து மறுபடி சேர்த்துக்கொள்வார். ஏழு வருஷமாக இதே வேலை. வேறு பள்ளியாக இருந்தால் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வராத பிள்ளைக்கும் வருகை போட்டிருப்பார்கள், இவர் ஒரு நாள்கூடப் பொய்யாக ஒரு டிக் போட்டதில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து எண்ணிக்கை கேட்ட தேதி சூளைக் காலத்தில் விழுந்தது. அவர் அன்றைய தேதிக்கு இருந்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டார், ஐம்பத்திரண்டு. பதினொரு பேர் வெளியூரில் இருக்கிறார்கள் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நான் போய், 'என்ன சார், மத்த பதினோரு பேரு?' என்று கேட்டதற்கு, 'அவங்க அன்னைக்குத் தேதியில மாணவர்கள் இல்லைம்மா' என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், மறுபடி போட்டுக்கொள்ளவே இல்லை.

அடுத்த புதன்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். பள்ளியில் பெரிய நாற்காலி மூன்றுதான், ஆகவே பெற்றோர் எல்லாரும் ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். வந்தது ஒரு பெண் அதிகாரி, என் வயதுதான் இருக்கும், அந்த வாரத்தில் அவருக்கு அது ஏழாவது கூட்டமாம், குரலே தேய்ந்துபோயிருந்தது. மளிகைக்கடைக்காரர் எழுந்து இணைப்பு வேண்டும் என்று பேசினார். 'அஞ்சாம் கிளாசும் ஆறாம் கிளாசும் ஒரே ரூம்ல உக்காந்து, இவன் கணக்குப் போட, அவன் வரலாறு படிக்க, கடைசியில ரெண்டு பேருக்கும் ரெண்டும் வரல. என் பையன்கிட்ட ஏழு எட்டு எவ்வளவுன்னு கேட்டா எந்த ராஜா காலத்துலன்னு கேக்குறான்' என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம், பெரிய சார்கூடச் சிரித்தார், சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அளவு நோட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். என் முறை வந்ததும் அதை அதிகாரியின் மேஜையில் வைத்தேன். 'இது என்னம்மா?' என்றார். 'அளவு நோட்டுங்க, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் தைக்கிறேன்.' அவர் ஏதோ மரியாதைக்குப் புரட்டினார், பிறகு மெதுவாகப் புரட்டினார். 'இந்த ரெண்டு கோடு எதுக்கு?' என்று கேட்டார். நான் சொன்னேன். ஏழு வருஷம், வருஷத்துக்கு இரண்டு முறை, போகும்போது ஒரு உயரம் திரும்பி வந்ததும் ஒரு உயரம், ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிறது, ஒருவர்கூட வராமல் நின்றதில்லை என்று காட்டினேன். அவர் நோட்டை மூடி என்னிடம் நீட்டி, 'நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா அளவு நோட்டை வெச்சு நான் என்ன பண்றது? பேரு பதிவேட்டுல இருக்கணும், பிள்ளை பெஞ்சுல இருக்கணும்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் நோட்டை வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து உன் தங்கை எழுந்தாள். பிள்ளைகள் வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், இவள் எப்படி உள்ளே வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. (இதை எழுதும்போது பேனா சிரிக்கிறது.) கையில் அந்தச் சுற்றறிக்கை, முழுவதையும் தன் கையாலேயே பிரதி எடுத்து வைத்திருந்தாள். 'மேடம், ஆறாம் பக்கம், கடைசிப் பத்தி' என்று சொல்லிப் படித்தாள். வேலைக்காக இடம் மாறிப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் உள்ளூரிலேயே தங்கிப் படிக்கப் பெற்றோர் குழு ஏற்பாடு செய்திருந்தால் அவர்கள் பெயரை நீக்கத் தேவையில்லை, எண்ணிக்கையிலும் சேர்க்கலாம் என்று அதில் இருக்கிறது. படிக்கும்போது ஒரு வார்த்தையும் விழுங்கவில்லை. அதிகாரி தன் பிரதியில் ஆறாம் பக்கத்தைத் தேடி எடுத்தார், அந்தப் பக்கம் அதுவரை திறக்கப்படாமல் மொடமொடவென்று இருந்தது. படித்துவிட்டு நிமிர்ந்து, 'சரி. அப்படி ஏற்பாடு இங்க இருக்கா?' என்று கேட்டார். பெரிய சார் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அவர் அப்படித்தான் சொல்வார், அவருக்கு வேறு சொல்லத் தெரியாது. அதற்குள் யாரோ, 'இருக்கு' என்றார்கள். உட்கார்ந்த பிறகுதான் அது நான் என்று எனக்கே கேட்டது. 'எத்தனை வீடு?' என்றார். 'அஞ்சு' என்றேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. இருபது நாளுக்குள் நேரில் வந்து பார்ப்பேன், எந்த நாள் என்று சொல்ல மாட்டேன் என்று எழுதிக்கொண்டு போனார். வாசலில் பெரிய சார் என்னை நிறுத்தி மெல்லிய குரலில், 'நீங்க சொன்னது பொய்யாம்மா?' என்று கேட்டார். 'இருபது நாளைக்குள்ள உண்மையாயிடும் சார்' என்று சொல்லிவிட்டு நடந்தேன். இருக்கு என்று நான் சொன்ன அந்த நொடியில் என் மனசில் இருந்தது உன் அறை ஒன்றுதான். உன்னைக் கேட்க நேரம் இருக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், அதற்குப் பிறகு எத்தனையோ நாள் இருந்தது. நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை. இதை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஐந்து வீடு என்று வந்து சொன்னதும் உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா. 'அஞ்சு வீடுன்னா மத்த நாலு யாருது?' என்றார். முதல் வீடு நம்முடையது என்று அவரே ஒப்புக்கொண்டார் பார், அது போதும் என்று அன்றைக்கே கிளம்பிவிட்டேன். பெரிய சார் தனி ஆள்தானே, இரண்டு பையன்களை ஏற்றுக்கொள்கிறேன், சமையல் மட்டும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். நர்சம்மா ஒரு பெண், சின்ன டீச்சர் ஒரு பெண். அதற்கப்புறம் ஆறு நாள் தெருத் தெருவாக நடந்தேன், ஒரு கதவும் திறக்கவில்லை, திறந்தது என்றால் காபி கொடுக்கத்தான் திறந்தது. எல்லாரும் பாவம் என்றார்கள், அறை என்றதும் யோசிக்கணும் என்றார்கள். கடைசியில் மளிகைக்கடைக்கே போய் நின்றேன். 'நான் எதிர்க்கட்சிம்மா, மறந்துட்டீங்களா?' என்றார். 'எதிர்க்கட்சி வீட்டு மாடியும் காலியாத்தானே கிடக்கு' என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார், அப்போதே பாதி முடிந்துவிட்டது. ஆனால் அவர் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது ஆசிரியரும் ஒரு ஆய்வுக்கூட அறையும் கேட்டு ஒரு மனு எழுதப்போகிறேன், அதில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும், பள்ளி இருந்தால் மட்டும் போதும் என்று நீங்கள் உட்கார்ந்துவிடக் கூடாது என்றார். நீ என்னிடம் ஃபோனில் சொன்னதையேதான் அவர் கடையில் நின்று சொன்னார். போட்டேன். விரலில் அப்போது கட்டு இல்லை, நன்றாகவே போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பேக்கரி வண்டியில் சூளைக்குப் போனோம். 'ரொட்டி ஏத்தத்தான் இந்த வண்டிக்கு லைசென்ஸ், வாயாடிங்களை ஏத்த இல்லை' என்று சொல்லிக்கொண்டேதான் ஓட்டினார். அங்கே எல்லாமே ஒரே நிறம், மண், சுவர், ஆள், பிள்ளைகளின் கண் இமைகூட. நெட்டை அக்கா என்று ஒருத்தி, கூப்பிடும் பெயரே அதுதான், தலையில் பன்னிரண்டு கல்லோடு நின்றபடியே நான் சொல்வதை எல்லாம் கேட்டாள். இறக்கி வைக்கவில்லை. முடித்ததும், 'எண்ணிக்கைக்கு எங்க பிள்ளைங்க வேணுமா? போன வருஷம் எங்க போயிருந்தீங்க எல்லாரும்?' என்று கேட்டாள். பெரியவளே, அவள் கேட்டது நியாயம். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் நான் இரண்டு விரல் மடிப்பு விட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டு என் பங்கு முடிந்தது என்று இருந்தேன். திரும்பி வந்ததும் பிரித்துக் கொடுத்தால் போதும் என்று இருந்தேன். நடுவில் இருக்கும் மாதங்களைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவளிடம், 'எண்ணிக்கைக்குத்தான் வந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா எண்ணி முடிச்சப்புறமும் திருப்பி அனுப்ப மாட்டேன்' என்றேன். அவள் அப்போதுதான் கல்லை இறக்கி வைத்தாள். யார் சமைப்பது, யார் தலை வாருவது, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, பெண் பிள்ளை பெரியவளானால் என்ன செய்வாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், எந்த அதிகாரியும் என்னை இப்படிக் கேட்டதில்லை. சனிக்கிழமை மாலை அப்பாவின் வண்டி அந்த வழியாகத்தான் வெறுமையாகத் திரும்பும், பிள்ளைகளை இறக்கிவிட்டு மறுநாள் கூட்டி வருவோம் என்று சொன்னதும் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள். பிறகு, 'சின்னது தூக்கத்துல உதைப்பா' என்றாள். அதுதான் சம்மதம். அவள் சொன்னதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் மூன்று பேரை மட்டும் விட்டுவிட்டு வந்தோம், அந்த வயதில் தாயை விட்டு வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெற்றவர்களும் விடவில்லை. எட்டுப் பேர் வந்தார்கள். கணக்கு நீயே போட்டிருப்பாய், ஐம்பத்திரண்டும் எட்டும் அறுபது. ஒன்று குறைந்தாலும் போயிற்று.

நெட்டை அக்காவின் இரண்டு பெண்கள் நம் வீட்டில். பெரியதுக்குப் பன்னிரண்டு வயது, சின்னதுக்கு ஒன்பது. உன் அறையில் எதையும் கலைக்கவில்லை. மேஜை மேல் உன் பென்சில் டப்பா, நீ முதன்முதலில் போட்ட நம் தெருவின் வரைபடம், ஜன்னலில் நீ ஒட்டிய ஸ்டிக்கர், எல்லாம் அப்படியே இருக்கிறது. வந்த அன்றைக்கே அந்தப் பெரிய பெண் சாக்குக்கட்டியால் உன் மேஜையைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டுவிட்டாள், கோட்டுக்கு உள்ளே அக்காவுடைய இடம் என்று தங்கைக்குச் சட்டம். சின்னது காலை மட்டும் உள்ளே நீட்டிவிட்டு, 'நான் போகல, கால்தான் போச்சு' என்கிறது. உன் அலமாரி பூட்டியபடியே இருக்கிறது, அவர்கள் துணி கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது, வந்த வீட்டில் ஆணியில் துணி தொங்கினால் ஊருக்குப் போகிற ஆள் மாதிரிதானே இருக்கும். இவர்கள் வந்த மூன்றாம் நாள்தான் நீ ஃபோனில் கோபித்துக்கொண்டாய், அதற்கு மறுநாள்தான் விரலில் ஊசி ஏறியது. மெஷின் மேல் பழி போட முடியாது, துணியைப் பார்க்காமல் உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அதிகாரி வந்து கதவைத் தட்டினார். அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார், வாய் நிறைய நுரையோடு வணக்கம் சொன்னார். அந்த அம்மா உன் அறையை எட்டிப் பார்த்தார், பெரியது பாய் சுருட்டிக்கொண்டிருந்தது, சின்னது கட்டிலில் குறுக்கே கிடந்தது. பிறகு நேரே குளியலறைக்குப் போய்ப் பல் துலக்கும் பிரஷ்ஷை எண்ணினார். ஐந்து இருந்தது. 'பாய் தலையணை எல்லாம் பக்கத்து வீட்டுல வாங்கி விரிச்சு வெச்சிடுவாங்கம்மா, ஈர பிரஷ் யாரும் கடன் வாங்க மாட்டாங்க' என்று என்னிடம் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஐந்து வீட்டையும் அப்படியே பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வந்து பெஞ்சு பெஞ்சாக எண்ணினார். ஐம்பத்தொன்பது. மறுபடி எண்ணினார், ஐம்பத்தொன்பதுதான். பெரிய சார் பதிவேட்டை எடுத்துப் பெயர் பெயராகச் சரிபார்த்தார். சூளைப் பிள்ளைகள் எட்டுப் பேரும் இருந்தார்கள், வராதது யார் தெரியுமா, மளிகைக்கடைக்காரரின் சொந்தப் பையன், வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் அந்த மனுஷன் கடையைத் திறந்துபோட்டுவிட்டு ஓடி, பையனைப் போர்வையோடு ஸ்கூட்டரில் உட்காரவைத்து அழைத்து வந்தார். 'இந்தப் பள்ளிக்கூடம் வேணாம்னு சொன்ன வீட்டுலேருந்துதான் அறுபதாவது ஆள் வரணும்னு இருக்கு' என்று மூச்சிரைக்கச் சொன்னார். அதிகாரி பையனிடம் ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டார், அவன் ஐம்பத்தாறு என்றான், அவன் அப்பாதான் அதிகமாக ஆச்சரியப்பட்டார். வியாழக்கிழமை உத்தரவு வந்தது. இணைப்பு ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைப்பு, ஆண்டுத் தேர்வுக்கு முன் மறுபடி சொல்லாமல் வந்து எண்ணுவார்கள். சின்னவள் அந்த உத்தரவின் பிரதியைத் தன் நோட்டில் ஒட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் மளிகைக்கடைக்காரரின் மனுவின் பிரதியையும் ஒட்டியிருக்கிறாள். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பக்கம் என்கிறாள். அது அவள் சொந்தமாகச் சேர்த்த வரி, நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது ஆசிரியர் வரவில்லை என்றால் அடுத்த வருஷம் நானே இணைப்பு வேண்டும் என்று அந்த மேஜை முன்னால் நின்று சொல்வேன், நீ சாட்சி. ஆனால் அப்போதும் பதினொரு பேரையும் பெயர் சொல்லிக் கணக்கில் சேர்த்துத்தான் சொல்வேன். நெட்டை அக்கா போன சனிக்கிழமை பெண்களைப் பார்த்துவிட்டு, பெரியது எழுதிய பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம், அப்பா சொன்னார், திருப்பிப் பிடி என்று யாரும் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு அவர் ரொட்டி வண்டி லைசென்ஸ் பற்றிப் பேசுவதில்லை.

நீ விடுமுறைக்கு வரும்போது உனக்குக் கூடத்தில்தான் படுக்கை. ஜன்னலோரமாகப் போடுகிறேன், காற்று வரும். உன்னை மறந்துவிட்டு உன் இடத்தைக் கொடுக்கவில்லை. இந்த வீட்டில் கொடுப்பதற்கு என்று நல்லதாக இருந்தது அது ஒன்றுதான், அதனால் கொடுத்தேன். கோபம் இருந்தால் வந்து என் முகத்துக்கு நேராகத் திட்டு, ஃபோனை எடுக்காமல் மட்டும் இருக்காதே, அது எனக்கு ஊசியைவிட ஆழமாக இறங்குகிறது. அலமாரிச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது, தபாலில் அனுப்பு. இரண்டு தட்டு மட்டும் காலி செய்வேன், மீதியில் கை வைக்க மாட்டேன். உன் கடிதக் கட்டு இருக்கும் டப்பாவைத் திறக்க மாட்டேன் என்று சின்னவளும் இங்கே சத்தியம் செய்கிறாள், இவள் சத்தியத்தை நம்பலாம், படிப்பதற்கு வேறு நிறைய வைத்திருக்கிறாள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு அலுவலகத்துக்கு ஓடாதே. திரையையே பார்த்துக்கொண்டிருக்காமல் நடுநடுவே எழுந்து நட.

பெரிய பெண்ணுக்குச் சீருடை முடிந்துவிட்டது, சின்னதுடையது பாதியில் மெஷினிலேயே நிற்கிறது, கட்டுப் பிரித்ததும் முடிப்பேன். இரண்டிலும் கீழே இரண்டு விரல் மடிப்பு விட்டிருக்கிறேன். பழக்கம், கை தானாக விட்டுவிட்டது. நோட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் கோடு போடவில்லை. இவர்கள் இங்கேதான் வளரப்போகிறார்கள், அந்த மடிப்பைப் பிரிக்கும் நாளை நான் கண்ணெதிரே பார்க்கப்போகிறேன், ஞாபகத்துக்கு ஒரு குறி எனக்கு எதற்கு.

நீ எங்கே இருந்தாலும் உன் கால் நோகாமல், உன் வேலை தடைபடாமல், உன்னைச் சுற்றி நல்ல மனிதர்களாகவே அமையட்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். சாவியை மறந்துவிடாதே.

இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போடும்,
உன் அம்மா